தாத்தா சின்னப்பன், பதிவேட்டில் பவுலுஸ்: மகனுக்கு எந்தப் பெயர்?

கேட்டவர்: அணை வாய்க்கால்

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு மகன் பிறந்து 42 நாள் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை, "குட்டி" என்றுதான் கூப்பிடுகிறோம். அடுத்த மாதம் கோயிலில் ஞானஸ்நானம். அதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். இங்கே பெயர்களைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா போன ஆடியில் காலமானார். பெயர் சின்னப்பன். எங்கள் ஊர் கிருஷ்ணகிரிக்குப் பக்கம், அணை வாய்க்கால் பாசனம். ஊரில் "மாந்தோப்பு சின்னப்பன் வீடு" என்றால் யாரும் வழி காட்டுவார்கள். பெங்களூரா மாமரம் அவர் கையால் வைத்தது 60-க்கு மேல் இன்னும் நிற்கிறது. கடைசி வருடம்வரை காய் பறிக்கிற நாளில் மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்து, கூடைக்கு ஒரு புளியங்கொட்டை என்று மடியில் போட்டு எண்ணுவார். எழுதி வைத்துக் கணக்குப் பார்ப்பவர்களைவிட அவர் கணக்குதான் சரியாக இருக்கும்.

ஆயா சொல்வது ஒன்றுதான்: "அவரு பேரை வை. வேற எதுவும் எனக்கு வேணாம்." என் மனைவி ஓசூரில் வளர்ந்தவள். சின்னப்பன் என்றால் குழந்தைக்குப் பாரமாக இருக்கும், ரொம்பப் பழைய பெயர் என்று தயங்குகிறாள். வேதத்தில் வரும் புனித சின்னப்பர் என்றால் பால்தானே, அப்படியானால் பால் என்றே வைத்துவிடலாம் என்பது அவள் யோசனை. அதற்கு என் அம்மா, "பாலு, மோரு, தயிருன்னு பசங்க கேலி பண்ணுவாங்க" என்கிறார். மூன்று பேரும் எனக்கு வேண்டியவர்கள். யார் பக்கமும் சாய முடியவில்லை.

இதற்கிடையே இன்னொன்றும் நடந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்குப் போனோம். பட்டாவில் சின்னப்பன். ரேஷன் கார்டில் சின்னப்பா. வாக்காளர் அட்டையில் பவுல் சின்னப்பன். "மூணு ஆளா, ஒரு ஆளா? ஒரே ஆள்னு காட்டுற மாதிரி பழைய ஆதாரம் எதாவது கொண்டு வாங்க" என்று நான்கு தடவை திருப்பி அனுப்பினார்கள். தோப்பைக் காட்டினால் போதாதா என்று அப்பா வெளியே வந்து அழுதுவிட்டார். எனக்கு அது இன்னும் மனதில் நிற்கிறது.

பழைய ஆதாரம் தேடித்தான் கோயில் பதிவேட்டைப் பார்க்கப் போனோம். கறுப்புத் துணி அட்டை போட்ட பெரிய புத்தகம். 1938-ஆம் வருடப் பக்கம். மை பழுப்பாகி, சில எழுத்து தாளின் பின்பக்கம்வரை ஊறியிருக்கிறது. கோயில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியார் விரலை வைத்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நிறுத்தி, "இதான் உங்க தாத்தா" என்றார். அங்கே சின்னப்பன் என்ற பெயரே இல்லை. ஆங்கில எழுத்தில் "பவுலுஸ்" என்று இருந்தது. அப்பா பெயர் அந்தோனி என்பது ஒருமாதிரி நீட்டி எழுதியிருந்தது, அம்மா மரியா. தேதி சரி, ஊர் சரி, மாவட்டம் சேலம். இன்னொரு கட்டத்தில் மறுபடியும் ஒரு பவுலுஸ். அது யார் என்று உபதேசியாருக்கும் தெரியவில்லை.

இதுதான் என் கேள்வி. சின்னப்பன், பவுல், பால், பவுலுஸ் எல்லாம் உண்மையில் ஒரே பெயரா? அதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது? எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு லத்தீனில் எழுதுவானேன்? கடைசியாக, என் இடத்தில் நீங்கள் இருந்தால் எந்தப் பெயரை வைப்பீர்கள்?

பதில்: பாலக்கோட்டான்

குழந்தைக்கு வாழ்த்துகள்.

ஒன்று சொல்ல வேண்டும். சின்னப்பன் என்றாலே கிறிஸ்தவப் பெயர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் பெரிய மாமா பெயரும் சின்னப்பன். நாங்கள் முனியப்பனுக்குக் கிடா வெட்டுகிற குடும்பம். எங்கள் பக்கம் சின்னப்பையன், சின்னராஜ், சின்னசாமி, சின்னப்பாப்பா என்று வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. மாது, மாதப்பன், மாதம்மாள் போல இதுவும் மண்ணோடு வந்த பெயர். பழைய நடிகர் பி.யு. சின்னப்பாவும், படம் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவரும் கிறிஸ்தவர்கள் இல்லையே.

அதனால் பால் என்பதும் சின்னப்பன் என்பதும் ஒன்றா என்று கேட்டால், எனக்கு ஒட்டவில்லை. உங்கள் தாத்தாவுக்குக் கோயிலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் ஜாதகப் பெயர் வேறு, கூப்பிடுகிற பெயர் வேறு.

ஆயா சொல்வதைக் கேளுங்கள். பழைய பெயர் என்பதற்காக விட்டுவிட வேண்டாம்.

பதில்: தகடூர் தமிழாசிரியர்

தம்பி, உங்கள் கேள்வியை நேற்று இரவே படித்துவிட்டேன். பதில் சுருக்கமாக எழுதினால் நியாயமாகாது என்று காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் 34 வருடம் தருமபுரி பக்கத்துப் பள்ளிகளில் தமிழ் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பங்குக் கோயிலில் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பெயர்த்தெழுத உதவி வருகிறேன். நீங்கள் பார்த்த பழுப்பு மையைத் தினமும் பார்க்கிறவன் நான்.

முதலில் பாலக்கோட்டுத் தம்பி சொன்னது. அவர் மாமா பெயரைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தமிழில் சின்ன அப்பன் என்பது தானாகவே அமைந்த பெயர். அதற்கு ரோமாபுரி தேவையில்லை. ஆனால் உங்கள் தாத்தா விஷயத்தில் அது வேறு வழியாக வந்திருக்கிறது. அவருக்கு இரண்டு பெயர் வைக்கவில்லை. வைத்தது ஒரே பெயர்தான். அந்தப் பெயரைக் கோயில் சாமியார் லத்தீனில் எழுதினார், ஊர் தமிழில் கூப்பிட்டது.

பவுலுஸ் என்ற லத்தீன் சொல்லுக்குச் சின்ன, சிறிய என்று பொருள். லத்தீனில் "கொஞ்சம்" என்பதற்கு உள்ள பவுகுஸ் என்ற சொல்லும் அதே வேர். ஆங்கிலத்தில் சில என்பதற்குச் சொல்லும் "ஃப்யூ"கூட அந்த வேருக்கு தூரத்து உறவு. ரோமானியர்களுக்கு மூன்று பெயர் இருக்கும்: தன் பெயர், குடிப் பெயர், அப்புறம் மூன்றாவதாக ஒன்று. இந்த மூன்றாவது பெரும்பாலும் பட்டப்பெயராகத் தொடங்கியது. நம் ஊரில் நெட்டையன், குட்டையன், மொட்டையன் என்று ஒருவருக்கு வைத்த பெயர் அப்புறம் அவர் வீட்டுக்கே ஒட்டிக்கொள்வதில்லையா, அதேபோல. சிசரோ என்ற பெயர் கொண்டைக்கடலையிலிருந்து வந்தது. கால்வுஸ் என்றால் வழுக்கை. பவுலுஸ் என்றால் சின்னவன். ஏமிலிய குடியில் இந்தப் பெயர் பல தலைமுறை ஓடியது. கி.மு. 216-இல் ஹன்னிபாலோடு நடந்த கன்னே போரில் இறந்த தளபதி ஒரு பவுலுஸ். அவர் மகன் இன்னொரு பவுலுஸ், கி.மு. 168-இல் மாசிடோனிய அரசனைப் பித்னாவில் வென்றவர். சின்னவன் என்ற பெயரோடு எவ்வளவு பெரிய ஆட்கள் பாருங்கள்!

ஆனால் உலகம் முழுக்க இந்தப் பெயர் போனதற்குக் காரணம் இவர்கள் யாரும் இல்லை. தர்சு நகரத்தில் பிறந்த ஒரு யூதர், ரோமைக் குடியுரிமை உள்ளவர். அவருடைய எபிரேயப் பெயர் சவுல், கேட்டுப் பெற்றவன் என்று பொருள். கிறிஸ்துவை ஏற்று மனம் மாறியதும் சவுல் பவுல் ஆனார் என்று மறைக்கல்வி வகுப்பில் நாமெல்லாம் படித்தோம். வேதத்தைத் திறந்து பாருங்கள். தமஸ்கு வழியில் ஒளி கண்டு விழுந்த பிறகும் பல அதிகாரம் அவர் சவுல்தான். அப்போஸ்தலர் பணிகள் 13-ஆம் அதிகாரத்தில், சைப்ரஸ் தீவில், "பவுல் என்னும் சவுல்" என்று வருகிறது. அதற்குப் பிறகுதான் பவுல் என்றே போகிறது. அவருக்கு இரண்டு பெயரும் இருந்திருக்கின்றன. யூதர் நடுவே ஒன்று, ரோமானியர் நடுவே ஒன்று. அந்தத் தீவின் ஆளுநர் பெயரும் செர்கியு பவுல் என்பது ஒரு அழகான பொருத்தம்.

அந்த அர்த்தத்தை அவரே விரும்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றும். கொரிந்தியருக்கு எழுதும்போது, அப்போஸ்தலர் எல்லாரிலும் நான் கடையவன் என்கிறார். எபேசியருக்கு எழுதிய மடலில், இறைமக்கள் எல்லாரிலும் கடையவனான எனக்கு என்று வருகிறது. புனித அகஸ்தீனார் இதைப் பிடித்துக்கொண்டு, பவுல் என்றால் சிறியவர், அவர் தன்னைச் சிறியவராகக் காட்டவே அந்தப் பெயரைக் கொண்டார் என்று விளக்குகிறார். இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு பழைய கதையில், அவர் குட்டையான உருவம், வழுக்கைத் தலை, வளைந்த கால் என்று வர்ணனை இருக்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அந்தக் காலத்துச் சாமியார்களும் அவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்களும் பெயர்களை இரண்டு விதமாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். சிலவற்றை ஒலியோடு எடுத்துக்கொண்டார்கள்: அந்தோணி, சந்தியாகு, இஞ்ஞாசி. சிலவற்றைப் பொருளோடு எடுத்துக்கொண்டார்கள். பெனெடிக்துஸ் என்றால் ஆசீர் பெற்றவர், அவர் ஆசீர்வாதப்பர் ஆனார். யோவான் என்றால் கடவுள் அருளினார் என்று பொருள், அவர் அருளப்பர். அமல உற்பவம் என்பதிலிருந்து அமலோற்பவம். வியாகுல மாதாவிலிருந்து வியாகுலம் என்ற பெண் பெயர். வீரமாமுனிவர் எடுத்த முதல் தமிழ்ப் பெயர் தைரியநாதர் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய சொந்தப் பெயர் கொன்ஸ்தான்சோ, நிலை குலையாத உறுதி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன் பெயரையே அவர் மொழிபெயர்த்துக்கொண்டார்.

அந்த வழியில் பவுலுஸ், சின்னப்பர். சின்ன என்பது பெயரின் பொருள், அப்பர் என்பது நம் மரியாதை. நாவுக்கரசரை அப்பர் என்று அழைத்த மொழி இது. இதைவிடச் சரியாக ஒரு பெயரை இன்னொரு மொழிக்குக் கொண்டுவர முடியாது என்பது என் கருத்து. 40 வருடமாக இதை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

எங்கள் சிறு வயதில் பூசையில் "அர்ச்சியசிஷ்ட சின்னப்பர் எழுதின நிருபம்" என்பார்கள், புனித பவுல் எழுதிய மடல் என்று அர்த்தம். 1964-இல் பம்பாய்க்கு வந்த பாப்பரசர் ஆறாம் பால், எங்கள் வீட்டில் ஆறாம் சின்னப்பர். 1986 பிப்ரவரியில் இரண்டாம் ஜான் பால் சென்னைக்கு வந்தபோது எங்கள் பங்கிலிருந்து வேன் பிடித்துப் போனோம். எங்கள் வாயில் அவர் இரண்டாம் அருள் சின்னப்பர். ஜான், அருள். பால், சின்னப்பர். பெயரை முழுசாகத் தமிழில் சொன்ன கூட்டம் அது. பிறகு 1995-இல் பொது மொழிபெயர்ப்பாகத் திருவிவிலியம் வந்தது. அதில் பவுல் என்று போட்டார்கள். இப்போது வாசகம் வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பவுல்தான் தெரியும். சின்னப்பர் யார் என்று என் பேத்தி கேட்டாள்.

லத்தீன் ஏன் என்று கேட்டீர்கள். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் பூசையே லத்தீனில்தான். பதிவேட்டின் தலைப்புகளும் பெயர்களும் அதே மொழி. நீங்கள் பார்த்த வரியில் "ஃபீலியுஸ்" என்ற சொல் இருந்திருக்கும், மகன் என்று அர்த்தம். அதற்கடுத்து வரும் பெயர்கள் இன்னாருடைய என்ற வேற்றுமை உருபோடு மாறும். அதனால்தான் அந்தோனி நீண்டு தெரிந்தது. தமிழில் அந்தோணியின் என்று நாம் சொல்வதில்லையா, அதுதான். இரண்டாவது பவுலுஸ் இருந்த கட்டம் ஞானத்தந்தையுடையது, அதாவது ஞானஸ்நானத்தில் குழந்தைக்குத் துணையாக நிற்பவருடையது. ஞானத்தந்தை பெயரையே குழந்தைக்கு வைப்பது அன்று சாதாரணம். உங்கள் ஆயாவிடம் கேளுங்கள், அவருக்கு ஆள் தெரிந்திருக்கும்.

அலுவலக விஷயத்துக்கு இதையே பயன்படுத்துங்கள். பதிவேட்டு நகலோடு, பவுலுஸ் என்பதும் சின்னப்பன் என்பதும் ஒரே பெயர் என்று பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்குங்கள். அப்பா பெயரில் ஒரு பிரமாணப் பத்திரமும் வையுங்கள். எங்கள் பங்கில் இரண்டு குடும்பத்துக்கு இப்படி எழுதிக்கொடுத்து வேலை முடிந்திருக்கிறது. உங்கள் அப்பா அழுதார் என்று படித்தபோது எனக்கும் தாங்கவில்லை.

எந்தப் பெயர் வைப்பது? நான் சின்னப்பன் என்றே வைப்பேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வகுப்புக்கு ஓரிரு சின்னப்பன் இருப்பார்கள். ஓய்வு பெற்ற வருடம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகளின் இனிஷியலில் "சி." என்று மட்டும் மிச்சம் இருந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். உங்கள் மகன் கொள்ளுப்பேரன், அவனுக்கும் அந்த உரிமை உண்டு.

பதில்: தளி ரோடு

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். தெலுங்கிலும் சின்ன என்றால் சின்னதுதான். கன்னடத்தில் சின்ன என்றால் தங்கம். எல்லையைத் தாண்டினால் சின்னப்பா என்பவர் தங்கப்பன். அணைக்காரருடைய தாத்தா ஆனேக்கல் சந்தைக்கு மாங்காய் கொண்டுபோயிருந்தால், அங்கே அவரைத் தங்கமே என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள்!

அதேபோல இராயப்பர், அதாவது புனித பேதுரு. பேதுரு என்றால் பாறை என்று கிரேக்கப் பொருள். தெலுங்கில் ராயி என்றால் கல். இராயப்பர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லப்பர் என்று சொன்னதுபோல ஆகிறது. ஜூன் 29 இராயப்பர், சின்னப்பர் இருவருக்கும் ஒரே நாள் திருவிழா. ஒருவர் கல், ஒருவர் சின்னவர்.

கேட்டவர்: அணை வாய்க்கால்

ஐயா, கைகூப்பி நன்றி. உங்கள் பதிலை அப்பாவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினேன். "எங்கப்பா பேரை மாத்தி எழுதிட்டாங்கன்னு நினைச்சேன், சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றார். தளி ரோட்டுக்காரருக்கும் நன்றி, தங்கம் என்றதும் ஆயா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

என் மனைவி ஒரு கேள்வி கேட்கிறாள். பவுல் என்பது பால் என்பதன் நாட்டுப்புற உச்சரிப்பா? அவளுக்கு பவுல் என்றால் ஏதோ திருத்தாத பெயர்போலத் தோன்றுகிறதாம். வெளிநாட்டில் இன்றைக்கும் இந்தப் பெயர் வைக்கிறார்களா என்றும் கேட்கிறாள்.

பதில்: பென்னாகரம் பவுலின்

இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பெயர் பவுலின். அதே பெயரின் பெண் வடிவம்.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள் தம்பி, நிலைமை நேர்மாறு. லத்தீனில் "ப-வு" என்று இரண்டு ஒலியும் கேட்கும்படிதான் சொன்னார்கள். பால் என்பது ஆங்கிலேயர் வாயில் தேய்ந்த ஒலி. பவுல் என்று சொல்லும் நம் ஊர்ப் பாட்டிதான் மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். இத்தாலியில் பாவ்லோ, ஸ்பெயினில் பாப்லோ, போர்ச்சுகலில் பவுலோ, ரஷ்யாவில் பாவெல். ஒவ்வொருவரும் தங்கள் வாய்க்கு ஏற்றபடி வைத்துக்கொண்டார்கள். பிரேசிலில் சாவ் பாவுலோ நகரம் இருக்கிறதே, அதுவும் இவர் பெயர்தான். 1554 ஜனவரி 25 அன்று, பவுல் மனம் மாறிய திருநாளில் இயேசு சபைக் குருக்கள் அங்கே பூசை வைத்துத் தொடங்கியதால் அந்தப் பெயர். பெண்களில் பவுலா, பவுலினா, பவுலின். புனித பவுலா என்ற ரோமைச் சீமாட்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டு பெத்லகேமுக்குப் போய் மடம் கட்டி, 404-இல் அங்கேயே இறந்தார். என் திருநாள் அவருடையதுதான்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1950, 60-களில் பால் என்பது முன்வரிசைப் பெயர். இப்போது அங்கே பிறக்கிற குழந்தைகளுக்கு அவ்வளவாக வைப்பதில்லை. ஆக உங்கள் மனைவி புதுசு என்று நினைக்கிற பால் அங்கே தாத்தாக்கள் பெயர். இந்த விஷயத்தில் பாலும் சின்னப்பனும் ஒரே வயசு.

நான் பட்டதைச் சொல்கிறேன், இது முக்கியம். என் பெயரைப் பள்ளியில் சேர்க்கும்போது பவுலின் என்று சொன்னார் அப்பா. எழுதியவர் பாலின் என்று எழுதிவிட்டார். ஆறாம் வகுப்பில் படிவம் நிரப்பும்போது "பாலினம்" என்ற கட்டத்தைப் பார்த்துப் பையன்கள் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. இப்போது என் ஆதாரில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் ஒன்று. உங்கள் தாத்தாவுக்கு நடந்ததுதான் எனக்கும். குழந்தைக்கு அது வேண்டாம்.

பிறப்பைப் பதியும்போது பெயர் முடிவாகாவிட்டால் அவசரப்பட்டு ஏதோ ஒன்றைக் கொடுக்காதீர்கள். பெயர் இல்லாமல் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகும் 15 வருடம்வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவதுதான் கஷ்டம். தமிழில் எந்த எழுத்து, ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்று ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். ஞானஸ்நானச் சான்று, பிறப்புச் சான்று, ஆதார் மூன்றிலும் ஒரு புள்ளி மாறக்கூடாது. சான்றிதழ் அடிக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

பெயர் என்றால் நான் பவுல் என்று வைப்பேன். ஐயா மன்னிக்கணும். பள்ளியில் கூப்பிடச் சுலபம், வேதத்தில் இருக்கிறது, பாலும் மோரும் வராது. வீட்டில் சின்னப்பன் என்று கூப்பிட யாரும் தடுக்கப்போவதில்லை.

பதில்: தகடூர் தமிழாசிரியர்

இதில் மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா. எழுத்தைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் இந்த இழையிலேயே உபயோகமான பகுதி. ஒன்று மட்டும் தம்பிக்கு: இரண்டையும் சேர்த்து பவுல் சின்னப்பன் என்று சான்றிதழில் போடாதீர்கள். தாத்தாவின் வாக்காளர் அட்டையில் நடந்த குழப்பமே அதுதான். ஒரே பெயரை இரண்டு தடவை சொன்னதாகிவிடும். எதுவானாலும் ஒன்றாக வையுங்கள்.

பதில்: பாலக்கோட்டான்

ஐயா, நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பெயர் ஒன்றுதான் என்று இப்போது புரிகிறது. என் மாமாவிடமும் சொன்னேன். "ரோமாபுரியில நம்ம பேரா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, கன்னே போர் விஷயத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

கேட்டவர்: அணை வாய்க்கால்

எல்லாருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். கடிதமும் பதிவேட்டு நகலும் பிரமாணப் பத்திரமும் கொடுத்துவிட்டோம். விசாரணைக்குக் கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கே வந்து போனார். தாத்தா பிறந்தபோது சேலம் மாவட்டம், அப்பா பிறந்தது 1967-இல், அப்போது தருமபுரி மாவட்டம், என் மகனுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு மட்டும் அதே வீடு. இதை அவரிடம் சொன்னேன், அவரும் தலையாட்டிக்கொண்டே எழுதினார்.

பெயர் முடிவாகிவிட்டது. சான்றிதழிலும் ஞானஸ்நானத்திலும் பவுல். பவுலின் அக்கா எழுதியதைப் படித்ததும் என் மனைவியே சொன்னது இது. எழுத்தைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறாள். ஐயாவுக்கு வருத்தம் இருக்கும் என்று தெரியும். ஆனால் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது பவுலுஸ் யார் என்று ஆயாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார். தாத்தாவின் தாய்மாமா. கிணறு வெட்டுகிறவர். அவரும் சின்னப்பன்தான். ஒரே வீட்டில் இரண்டு சின்னப்பன் இருந்ததால் மாமாவைப் பெரிய சின்னப்பன் என்றும், தாத்தாவைச் சின்ன சின்னப்பன் என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். மாமா இறந்த பிறகுதான் தாத்தா வெறும் சின்னப்பன் ஆனாராம்.

இதைச் சொல்லிக்கொண்டே ஆயா குழந்தையை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். காலை நீவிவிட்டு, "என்னடா சின்ன சின்னப்பா, தண்ணி சூடா இருக்கா" என்றார். ஞானஸ்நானத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.